செல்லக்கனியின் இரத்தம் உறையும் நேரம்

ராஜபாளையம்
27-6-1988

மதிப்பிற்குரிய திரு. சுயம்புலிங்கம் அவர்களுக்கு,

வணக்கம். வைகாசி நடுவில் தாங்கள் எழுதிய கடிதம் உரிய காலத்தில் வந்து சேர்ந்தது. பதில் இவ்வளவு தாமதமானதைப் பொறுத்தருள வேண்டுகிறேன். கோபம் தணியட்டும் என்று காத்திருந்ததாகத் தாங்கள் எண்ணக்கூடும். அப்படியன்று. தங்கள் கடிதத்தில் கண்ட மருத்துவச் செய்தியை விளங்கிக்கொள்ளாமல் பதில் எழுதுவது முறையாகாது என்று கருதினேன். இங்குள்ள நூலகத்தில் இரண்டு ஆங்கில நூல்களைப் பெற்று, அகராதியின் துணையுடன் வாசித்தேன். நான் எட்டாம் வகுப்போடு பள்ளியை விட்டவள் என்பது தாங்கள் அறிந்ததே. ஆகவே வாசிப்புக்கு ஒரு மாதம் பிடித்தது.

நடந்தவற்றை வரிசையாக எழுதிவிடுகிறேன், பிழையிருந்தால் திருத்துங்கள். என் தங்கை செல்லக்கனிக்கும் தங்கள் தம்பி ரத்தினத்துக்கும் ஆவணியில் திருமணம் என்று உறுதியாயிற்று. செல்லக்கனியின் கழுத்தில் உள்ள சிறு கட்டியைத் திருமணத்துக்கு முன்பே அகற்றிவிட வேண்டும் என்று தங்கள் தாயார் விரும்பினார். அறுவைக்கு முன் செய்யவேண்டிய சோதனைகளை, சம்பந்தி வீடு என்ற உரிமையில், ஸ்ரீவில்லிபுத்தூரில் உள்ள தங்கள் பரிசோதனை நிலையத்திலேயே செய்தோம். அவளுடைய இரத்தம் உறைவதற்கு வழக்கத்தைப் போல மூன்று மடங்கு நேரம் ஆவதாகத் தாங்கள் கண்டீர்கள். மருத்துவர் கத்தியைத் தொட மறுத்தார். இப்படிப்பட்ட பெண் பிள்ளைப்பேற்றைத் தாங்கமாட்டாள் என்று தங்கள் தாயார் முடிவு செய்தார். நாங்கள் வைத்த சீர்த் தட்டுகள் திரும்பிவந்தன.

இப்போது என் கருத்து. பேண்டேஜ் துணி ஆலையின் சலவைப் பிரிவு என் மேற்பார்வையில் இருக்கிறது. அதன் கழிவுநீர்த் தொட்டியும் என் பொறுப்பே. கலங்கிய நீரில் மிதக்கும் நுண்துகள் ஒவ்வொன்றும் தன் மேற்பரப்பில் எதிர் மின்னூட்டம் தாங்கியிருக்கிறது. ஒத்த மின்னூட்டங்கள் ஒன்றையொன்று விலக்குவதால் துகள்கள் நெருங்குவதில்லை. எத்தனை நாள் வைத்தாலும் நீர் தெளிவதில்லை. படிகாரத்தைக் கரைத்து ஊற்றினால் அதன் நேர் மின்னூட்டம் அந்த விலக்கத்தைத் தணிக்கிறது. துகள்கள் திரண்டு அடியில் படிகின்றன. இரத்தத்தின் சிவப்பணுக்களும் இவ்வாறே எதிர் மின்னூட்டம் போர்த்தியவை என்றும், ஒன்றோடொன்று ஒட்டாமல் அவை ஓடிக்கொண்டிருப்பது அதனால்தான் என்றும் நூல் கூறுகிறது. எனவே என் தங்கையின் அணுக்களில் அம்மின்னூட்டம் மிகுந்திருக்கிறது. அதனால் அவை திரள மறுக்கின்றன. இதுவே என் முடிவு. சவரக் காயத்தில் படிகாரம் தடவினால் இரத்தம் நிற்பதும் இந்த விதிப்படியே.

அந்த மின்னூட்டத்தைத் தாங்கள் அளந்தீர்களா? இல்லையெனில், எந்த அடிப்படையில் ஒரு பெண்ணின் வாழ்க்கையைப் பற்றித் தீர்ப்பு எழுதினீர்கள்?

இங்ஙனம்,
ஜெயபாய்

ஸ்ரீவில்லிபுத்தூர்
4-7-1988

அன்புள்ள மதினி அவர்களுக்கு,

உங்கள் கடிதத்தை இரண்டு தரம் வாசித்தேன். முதல் தரம் பயத்தோடு, இரண்டாம் தரம் கொஞ்சம் ரசித்து. மதுரையில் எனக்குப் பாடம் நடத்திய வாத்தியார்கள் எவரும் கழிவுநீர்த் தொட்டியை வைத்து ரத்தத்தை விளக்கியதில்லை. ஒன்று மட்டும் கேட்டுக்கொள்கிறேன். செல்லக்கனிக்குப் படிகாரத் தண்ணீர் எதுவும் கொடுத்துவிடாதீர்கள்.

நீங்கள் சொன்னதில் பாதி சரி. சிவப்பணுக்கள் ஒன்றையொன்று விலக்குவது உண்மை. ஆனால் திரள்வது வேறு, உறைவது வேறு. ரத்தத்தில் கரைந்து கிடக்கும் ஒரு புரதம் இழை இழையாகத் திரிந்து வலை பின்னுவதுதான் உறைதல். அணுக்கள் அந்த வலையில் சிக்கிக்கொள்கிறவை, அவ்வளவே. துணி ஆலையில் இருப்பவருக்கு இது சீக்கிரம் புரியும். கலங்கல் படிவதைப் பார்த்துவிட்டுத் தறியில் நெய்வதைப் பற்றித் தீர்ப்புச் சொல்கிறீர்கள்.

அணுக்களின் மின்னூட்டத்தை அளக்க என்னிடம் கருவி இல்லை. ஆனால் அதன் விளைவைத் தினமும் பார்க்கிறேன். இ.எஸ்.ஆர். என்று ஒரு சோதனை. மெல்லிய குழாயில் ரத்தத்தை நிறுத்தி, சிவப்பணுக்கள் எவ்வளவு வேகமாக அடியில் இறங்குகின்றன என்று பார்ப்போம். உடம்பில் நோய் இருந்தால் வேறு புரதங்கள் மிகுந்து, அந்த விலக்கத்தை மங்கச் செய்துவிடும். அணுக்கள் தட்டுகளை அடுக்கினாற்போல் ஒட்டிக்கொண்டு விறுவிறுவென்று இறங்கும். செல்லக்கனிக்கும் பார்த்தேன். மெதுவாக, ஒழுங்காக இறங்கியது. அணுக்கள் மேல் குற்றமே இல்லை. உறைதல்தான் தாமதம். சந்தேகப்பட்டு மறுவாரம் வரச்சொல்லி மறுபடி பார்த்தேன். அதேதான் வந்தது. வெளி லேபுக்கு அனுப்பியிருக்கலாமே என்று கேட்பீர்கள். அனுப்பினால் மறுநாளே ஊர் முழுக்கப் பேச்சாகிவிடும் என்று பயந்தேன். அவள் பெயருக்காகத்தான்.

வீட்டு நிலவரம் உங்களுக்குத் தெரியாது. அம்மா அன்று சொன்னதை அப்படியே எழுதுகிறேன்: "ஏலே, நீ படிச்சவன். ஒனக்கே ரெண்டு தடவ அப்பிடித்தான வந்துருக்கு? நாளைக்குப் பிரசவத்துல பிள்ளயப் பாக்கவா, தாயப் பாக்கவா? அந்தப் பாவத்த எதுக்குத் தெரிஞ்சே தூக்கிச் சொமக்கணும்?" ரத்தினம் கடையில் பருத்திவிதை எடை போட்டுக்கொண்டிருந்தான். கேட்டதற்கு, "அம்மா சொன்னாச் சரிதான்" என்றான்.

தளவாய்புரத்தில் ஒரு பெண் இருப்பதாகத் தரகர் வந்து சொல்லிப் போயிருக்கிறார். பிறர் வாயிலாகத் தெரியவேண்டாமென்று நானே எழுதுகிறேன்.

உங்கள்,
சுயம்புலிங்கம்

ராஜபாளையம்
18-7-1988

திரு. சுயம்புலிங்கம் அவர்களுக்கு,

வணக்கம். என்னை மதினி என்று விளித்திருக்கிறீர்கள். சீர்த் தட்டுகள் திரும்பிவந்த பின் அந்த உறவு எதன்மேல் நிற்கிறது என்று எனக்கு விளங்கவில்லை. தளவாய்புரத்தில் அச்சொல்லுக்குத் தேவை வரக்கூடும். அதுவரை பத்திரமாக வைத்திருங்கள்.

என் முதல் முடிவு தவறு. அதை நானே சொல்லிவிடுகிறேன். பிறர் சொல்லக் கேட்பதைவிட அது எனக்கு எளிது. அணுக்கள் திரள்வதையும் இரத்தம் உறைவதையும் ஒன்றெனக் கொண்டேன். தாங்கள் காட்டிய வேறுபாடு நூலிலும் இருக்கிறது. அந்த அதிகாரத்தை எட்டுமுன்பே நான் கடிதம் எழுதிவிட்டேன்.

ஆனால் தாங்கள் சொன்னதிலிருந்தே ஒரு கேள்வி எழுகிறது. அணுக்களில் பிழையில்லை. உடலிலும் பிழைக்கு அடையாளம் இல்லை. பன்னிரண்டு வயதில் அவளுக்குக் கடைவாய்ப்பல் பிடுங்கினார்கள். பஞ்சு வைத்த சிறிது நேரத்தில் இரத்தம் நின்று, அன்று மாலையே தெருவில் விளையாடினாள். மாதவிலக்கிலும் மிகுதி இல்லை. இப்படிப்பட்ட உடலிலிருந்து வந்த இரத்தம் தங்கள் மேசைமேல் மட்டும் உறைய மறுப்பதேன்?

இங்கே வேறு நிலையத்தில் மறுசோதனை செய்யலாமே என்று செல்லக்கனியிடம் கேட்டேன். அவள் தையல் இயந்திரத்தைவிட்டு எழவில்லை.

"ஏக்கா, என்னயச் சந்தையில நிக்க மாடுன்னு நெனச்சியா? ஒருத்தன் பல்லப் பாப்பான், இன்னொருத்தன் வாலத் தூக்கிப் பாப்பான். இனிம ஒரு ஊசி என் கையில ஏறாது."

அவளை நான் வற்புறுத்தவில்லை. வேறிடத்தில் வேறு முடிவு வந்தால், இரண்டில் எது பொய் என்று தங்கள் வீட்டில் கேட்பார்கள். காரணம் தெரியாத எண்ணுக்கு மதிப்பில்லை. எனக்குக் காரணம் வேண்டும்.

அணுவின் மேற்பரப்பைப் பற்றியே நான் எண்ணிக்கொண்டிருந்தேன். இரத்தம் தொடும் இன்னொரு மேற்பரப்பை மறந்துவிட்டேன்: அதைத் தாங்கும் கலத்தின் உட்சுவர். நூல் கூறுவது இது. கண்ணாடியின் மேற்பரப்பு எதிர் மின்னூட்டம் கொண்டது. அதைத் தொட்டதும் இரத்தத்தில் உறங்கும் ஒரு புரதம் விழித்துக்கொள்கிறது. அது இன்னொன்றை எழுப்புகிறது. அந்தத் தொடரின் முடிவில் தாங்கள் சொன்ன இழை பிறக்கிறது. உட்புறம் மெழுகு பூசிய கலத்தில் அதே இரத்தம் நெடுநேரம் நீராகவே நிற்கிறது. அங்கே அப்புரதத்தை எழுப்ப ஆளில்லை. நம் இரத்தநாளங்களின் உட்சுவரும் எதிர் மின்னூட்டம் கொண்டதுதானே, பிறகு அங்கே ஏன் உறைவதில்லை என்று இரண்டு நாள் குழம்பினேன். நாளத்தின் சுவர் உயிருள்ளது. உறைதலைத் தடுக்கும் பொருட்களைத் தன்மேல் தானே தாங்கியிருக்கிறது. மின்னூட்டத்தின் குறியை மட்டும் பார்த்து எதையும் சொல்லிவிட முடியாது என்பது இதில் நான் கற்றது.

ஆகவே என் கேள்வி ஒன்றே. என் தங்கையின் இரத்தத்தை எந்தக் கலத்தில் ஊற்றினீர்கள்?

ஜெயபாய்

ஸ்ரீவில்லிபுத்தூர்
26-7-1988

திருமதி ஜெயபாய் அவர்களுக்கு,

நீங்கள் கேட்டபடி உறவுப் பெயரை எடுத்துவிட்டேன். எழுதும்போது கை அந்தப் பக்கமே போகிறது.

உங்கள் கேள்வி எனக்குக் கொஞ்சம் சுட்டது. லேப் நடத்துகிறவனிடம் பாத்திரம் சுத்தமா என்று கேட்பது சமையல்காரரிடம் கேட்பது மாதிரி. இருந்தாலும் சொல்கிறேன். கண்ணாடிக் குழாய்தான். அதுவும் உங்கள் வீட்டுக் கண்ணாடி.

மறந்துவிட்டீர்களா? தை மாதம் லேப் திறந்ததும் நிச்சயமும் ஒரே வாரத்தில் கூடிவந்தன. பட்டு, பழம், வெற்றிலைத் தட்டுகளோடு நீங்கள் ஒரு தட்டில் இரண்டு பெட்டி சோதனைக் குழாய்களை வைத்து, மேலே குங்குமம் இட்டுக் கொண்டுவந்தீர்கள். உங்கள் ஆலையில் பரிசோதனை அறையை மூடியபோது கிடைத்ததாகச் சொன்னீர்கள். சீர்த் தட்டில் சோதனைக் குழாய் வந்தது இந்த ஊரிலேயே முதல் தடவையாக இருக்கும். வந்தவர்கள் எல்லாரும் சிரித்தார்கள். எனக்குப் பெருமையாக இருந்தது.

அம்மா அந்தப் பெட்டிகளைச் சாமி படத்துக்குக் கீழே அலமாரியில் வைத்துவிட்டாள். "சம்பந்தி வீட்டுச் சீருலே. கண்ட கண்டவன் ரத்தத்த அதுல ஊத்தாத" என்றாள். எனக்கும் அது சரியென்றே பட்டது. தினப்படி வேலைக்கு நான் கடையில் வாங்கிய குழாய்கள் இருக்கின்றன. சீர்ப்பெட்டியைச் செல்லக்கனி வந்த அன்றுதான் திறந்தேன். அந்த வீட்டுப் பெண்ணின் ரத்தத்தை அந்த வீட்டுக் குழாயில் எடுப்பதுதான் மரியாதை என்று நினைத்தேன். இரண்டாம் தடவையும் அதே பெட்டிதான். திறந்த பெட்டியைத் திருப்பி அனுப்புவது முறையில்லை என்பதால்தான் தட்டுகளோடு அது வரவில்லை.

அவள் ரத்தம் தவிர வேறு யார் ரத்தமும் அதில் விழுந்ததில்லை. எல்லாம் பளபளவென்று சுத்தமாக இருந்தன. இதில் உங்களுக்கு என்ன சந்தேகம்?

சுயம்புலிங்கம்

ராஜபாளையம்
2-8-1988

திரு. சுயம்புலிங்கம் அவர்களுக்கு,

தங்கள் கடிதம் கிடைத்த அன்றே, ஆலையில் ஃபினிஷிங் மேஸ்திரியாக இருந்து இப்போது தேவதானத்தில் தோட்டம் பார்க்கும் குருசாமியிடம் சென்றேன். பரிசோதனை அறை அவர் பொறுப்பில் இருந்தது. அக்குழாய்கள் எதற்குப் பயன்பட்டன என்று கேட்டேன்.

"மழக்கோட்டுத் துணிக்கு ஒரு ஆர்டர் வந்துச்சுல்லாக்கா, அதுக்குத்தான். தண்ணி ஒட்டாத மருந்து, சிலிக்கோன்ம்பாங்க, பாலு கணக்கா இருக்கும். அத அந்த ட்யூப்லதான் கலக்கிப் பாத்தோம். பொறவு துணித் துண்டோட சேத்து ட்யூபயும் சூட்டு அடுப்புல காய வச்சிருவோம்."

"நான் அவற்றைச் சோப்பு நீரில் மூன்று முறை கழுவினேனே?"

"நீங்க முப்பது தடவ கழுவுங்க. சூட்டுல வெந்துருச்சுன்னா அது கண்ணாடியோட கண்ணாடி. சோடா போட்டாலும் போவாது. தண்ணி ஒட்டாம முத்து முத்தா ஓடும். அதப் பாத்துட்டு நீங்க நல்லா சுத்தமாயிருச்சுன்னு நெனச்சிருப்பிய."

அப்படித்தான் நினைத்தேன். ஒரு துளியும் தங்காமல் நீர் வழிந்தோடியதைத் தூய்மையின் அடையாளமாகக் கொண்டேன். தூய கண்ணாடியில் நீர் பரவும், முத்தாகத் திரளாது. இது பள்ளிப் பாடம். மெழுகு பூசிய கலத்தைப் போலவே, இம்மருந்து படிந்த குழாயிலும் அந்தப் புரதத்தை எழுப்ப ஆளில்லை.

குழாய்களைத் தந்தது நான். அவற்றை அவளுக்கென்று ஒதுக்கி வைத்தது தாங்கள். பிழையைப் பங்கிட்டுக்கொள்ள இப்போது நேரமில்லை. தாங்கள் செய்யவேண்டியது இது. சீர்ப்பெட்டியிலிருந்து ஒரு குழாயும், தங்கள் அன்றாடக் குழாய் ஒன்றும் எடுங்கள். இரண்டிலும் தங்களுடைய சொந்த இரத்தத்தைச் சம அளவில் ஊற்றி, ஒரே சூட்டில் வைத்துப் பாருங்கள். நோயாளி எவருடைய இரத்தமும் வேண்டாம். தங்கள் தாயார் அருகில் அமர்ந்திருக்கவேண்டும். நான் சொல்லித் தாங்கள் நம்புவதும், தாங்கள் சொல்லி அவர் நம்புவதும் போதாது; அவர் கண்ணால் காணவேண்டும்.

தளவாய்புரத்துப் பேச்சு முன்னேறுமுன் இது நடக்கவேண்டும்.

ஜெயபாய்

ஸ்ரீவில்லிபுத்தூர்
10-8-1988

மதிப்பிற்குரிய ஜெயபாய் அவர்களுக்கு,

ஞாயிற்றுக்கிழமை காலையில் செய்தேன். அம்மா முதலில் வரமாட்டேன் என்றாள். "ஒன் ரத்தத்த நான் எதுக்குலே பாக்கணும், பெத்தப்பமே பாத்துட்டேன்" என்றாள். நாற்காலி போட்டு உட்கார வைத்தேன். கம்பவுண்டர் சோலைச்சாமி என் கையில் ஊசியை ஏற்றி ரத்தம் எடுத்து, இரண்டு குழாயிலும் பாதி பாதி ஊற்றினார். வெந்நீர்ப் பாத்திரத்தில் இரண்டையும் நிறுத்திவிட்டுக் காத்திருந்தோம்.

என் குழாயில் வழக்கமான நேரத்தில் உறைந்தது. தலைகீழாகக் கவிழ்த்தேன், ஒரு சொட்டும் விழவில்லை. சீர்க் குழாயைச் சாய்த்தேன். பச்சைத் தண்ணீர் மாதிரி இந்தப் பக்கமும் அந்தப் பக்கமும் ஓடியது. செத்த நேரம் கழித்துப் பார்த்தபோதும் ஓடியது.

அம்மாவுக்கு முகம் வெளுத்துவிட்டது.

"ஏலே சுயம்பு, அப்பம் ஒனக்கும் அந்த நோய் இருக்கா?"

"எனக்கு இல்லம்மா. ரெண்டும் என் ரத்தந்தான? ஒண்ணுல ஒறைஞ்சிருக்கு, ஒண்ணுல ஒறையல. கோளாறு குழாயில."

"குழாய்க்கு எங்கயாது நோய் வருமாலே?"

சோலைச்சாமி சிரித்துவிட்டார். அம்மா அவரை ஒரு பார்வை பார்த்தாள். பிறகு என் பக்கம் திரும்பி, "இத அன்னைக்கே செஞ்சு பாத்துருக்கப் பிடாதா? எம்புட்டுப் பேச்சு பேசிட்ட அந்தப் பிள்ளய" என்றாள். நான்தான் பேசியதாக அவளுக்கு ஞாபகம் போல.

என் மேல் தப்பு உண்டு. மூன்றாவது தடவை வேறு குழாயில் பார்த்திருந்தால் அன்றே தெரிந்திருக்கும். எனக்கு அப்படித் தோன்றாததற்குக் காரணம், அந்தக் குழாய்கள் லேபிலேயே உயர்ந்தவை என்று நான் மனதில் வைத்திருந்ததுதான்.

சாயங்காலம் அம்மாவே பேச்சை எடுத்தாள். "சரி, கழுத்துக் கட்டிய எடுக்கட்டும். எடுத்து நல்லபடியா எந்திரிச்சு வரட்டும். பொறவு பேசுவம்." இதை எழுதச் சொன்னாள், எழுதிவிட்டேன். நீங்கள் என்ன நினைப்பீர்கள் என்று தெரிகிறது. சோதனையை இந்த முறை நானே ராஜபாளையம் வந்து செய்து தருகிறேன். எப்போது வரட்டும்?

சுயம்புலிங்கம்

ராஜபாளையம்
29-8-1988

திரு. சுயம்புலிங்கம் அவர்களுக்கு,

தாங்கள் வரவேண்டியதில்லை. சோதனை இங்குள்ள ஒரு நிலையத்தில் நடந்தது. இரத்தம் உரிய நேரத்தில் உறைந்தது. தாங்கள் செய்த சோதனையின் விவரத்தையும் சேர்த்து மருத்துவரிடம் கொடுத்தேன். அவர் ஒரு சொல்லும் கேட்காமல் நாள் குறித்தார். பதினெட்டாம் தேதி வியாழனன்று கட்டி அகற்றப்பட்டது. தீங்கற்ற கட்டி. இரத்தப்போக்கு அளவோடு இருந்தது. தையல் பிரித்தாயிற்று.

ஊசியே ஏறாது என்றவள் இம்முறை தானாகக் கையை நீட்டினாள். காரணம் கேட்டேன். "அப்பம் குத்துனது அவியளுக்காவ. இப்பம் குத்துதது எனக்காவ" என்றாள்.

ஜெயபாய்

ஸ்ரீவில்லிபுத்தூர்
26-9-1988

மதிப்பிற்குரிய ஜெயபாய் அவர்களுக்கு,

செல்லக்கனி நலமானது அறிந்து வீட்டில் எல்லாருக்கும் நிம்மதி. உடனே எழுதாததற்குக் காரணம், அம்மாவின் முடிவுக்காகக் காத்திருந்தேன். முந்தாநாள் புரட்டாசிச் சனிக்கிழமை இங்கே பக்கத்தில் உள்ள திருவண்ணாமலைப் பெருமாள் கோயிலுக்கு மலையேறிப் போய்வந்தாள். வந்ததும் மூச்சு வாங்க உட்கார்ந்து, "அந்தத் தட்ட மறுபடி எடுத்துட்டு வரச் சொல்லி எழுது. தையில வச்சுக்கிடுவம்" என்றாள்.

தளவாய்புரத்துக்காரர்களுக்கு என்ன சொல்வது என்று கேட்டேன். "அவியளுக்கு இப்பம் எதுக்குச் சொல்லணும்? இங்க உறுதியாவட்டும்" என்கிறாள். தராசில் இரண்டு தட்டையும் தூக்கிப் பிடித்திருக்கிறாள். எனக்கு இது பிடிக்கவில்லை. ஆனால் வீட்டில் என் பேச்சு இப்போது எடுபடுவதில்லை. "நீ சொல்லித்தான் மொத மொற கெட்டுது" என்று வாயை அடைத்துவிடுகிறாள்.

ரத்தினத்தைத் தனியாகக் கூப்பிட்டுக் கேட்டேன். தலையைக் குனிந்துகொண்டு, "எனக்கென்ன, சம்மதந்தான்" என்றான். நாலு மாதத்துக்கு முன்னால் வேண்டாம் என்பதற்கும் இதே தலைதான் குனிந்தது. இருந்தாலும் கெட்டவன் இல்லை. நீங்களும் பார்த்திருக்கிறீர்கள், யாரிடமும் கடிந்து பேசமாட்டான்.

நடந்தது முழுக்கக் குழாயின் பிழை. யாரும் யாரையும் தப்பாக நினைத்துச் செய்யவில்லை. ஒரு கெட்ட கனவு என்று விட்டுவிடுவோம். தட்டுகளை எடுத்துக்கொண்டு வரும் நாளை எழுதுங்கள். பேருந்து நிலையத்தில் நானே வந்து நிற்கிறேன்.

சுயம்புலிங்கம்

ராஜபாளையம்
9-10-1988

திரு. சுயம்புலிங்கம் அவர்களுக்கு,

வணக்கம். தங்கள் கடிதத்தைச் செல்லக்கனிக்கு முழுமையாக வாசித்துக் காட்டினேன். தங்கள் தாயாரின் சொற்களையும், தங்கள் தம்பி தலை குனிந்ததையும் விடவில்லை. தாங்கள் மறைக்காமல் எழுதியதற்கு நன்றி. கேட்டுக்கொண்டிருந்தபோது அவள் முகத்தில் சினமோ மகிழ்ச்சியோ தென்படவில்லை.

நடந்தது முழுக்கக் குழாயின் பிழை என்று எழுதியிருக்கிறீர்கள். இதை நான் ஏற்கவில்லை. குழாய் ஒரு பொய்யான எண்ணைச் சொன்னது. அதன் பிழை அத்துடன் முடிந்தது. அந்த எண்ணைக் கேட்டபின் எங்கள் வீட்டுக்கு ஒருவரும் வராதது, இரத்தம் உறையாவிட்டால் வைத்தியம் உண்டா என்று எவரும் விசாரியாதது, தட்டுகளை ஒரு கூலியாள் தலையில் சுமந்துவந்து வாசலில் இறக்கிவிட்டுப் போனது, இவை கண்ணாடியின் மேற்பரப்பில் நிகழ்ந்தவை அல்ல.

என்னைக் கேட்டிருந்தால், தங்கள் கடிதத்துக்குப் பதிலே வேண்டாம் என்று சொல்லியிருப்பேன். ஆனால் மணம் என்னுடையதன்று. தங்கையிடம் கேட்டேன். அவள் சொன்னதைத் திருத்தாமல் எழுதுகிறேன். 'அவிய' என்று அவள் சொல்வது தங்கள் தம்பியை.

"ஏக்கா, நான் வேண்டாம்னு சொல்லல. அவியகிட்ட ஒண்ணே ஒண்ணு கேக்கணும். என் ரத்தம் நெசமாவே ஒறையாததா இருந்திருந்தா, அவிய என்ன செஞ்சிருப்பாவ? அவுக அம்மா என்ன செய்வாகன்னு தெரிஞ்சுபோச்சு. அவுக அண்ணன் என்ன செய்வாருன்னும் தெரியும். அவிய என்ன செய்வாவன்னு தெரியல."

"விட்டிருப்பேன் என்று எழுதினால்?" என்று கேட்டேன்.

"எழுதட்டும். பயந்துட்டேன்னு எழுதுனாலும் சரிதான். பயம் யாருக்குத்தான் இல்ல? ஒறையுதுன்னு தெரிஞ்ச பொறவு சம்மதம்னு சொல்லுதது என்ன பெரிய சம்மதம்? நாளைக்கே பிள்ளப்பேறுல வேற என்னமாச்சும் வந்துச்சுன்னா, அப்பமும் எடை போட்டுக்கிட்டு நிப்பாவளா? அதத் தெரிஞ்சுக்கிடாம நான் அந்த வீட்டுக்குள்ள எப்பிடிக் கால வைக்க?"

"எந்தப் பதிலும் வராவிட்டால்?"

"அதுவும் பதிலுதான். அது எனக்குப் பிடிக்காத பதிலு."

யாரோ கொடுத்திருந்த ரவிக்கைக்குக் காஜா எடுக்கப் போய்விட்டாள். இந்தக் கேள்விக்குச் சரியான விடை எது என்று எனக்கும் தெரியாது. அவளுக்கும் தெரியாது என்றே நினைக்கிறேன். எந்த நூலிலும் நான் தேடப்போவதில்லை.

எனவே இக்கடிதத்தைத் தங்கள் தம்பியின் கையில் கொடுங்கள். அவரே வாசிக்கட்டும். அவர் வாசிக்கும்போது தாங்களோ தங்கள் தாயாரோ அருகில் இருக்கவேண்டாம். பதிலை அவரே, அவருடைய கையெழுத்தில், அவருடைய சொற்களில் எழுதட்டும். இரண்டு வரி போதும். அதை வாசித்தபின் வருவதா வேண்டாமா என்பதைச் செல்லக்கனி முடிவு செய்வாள். அவள் எம்முடிவு எடுத்தாலும் நான் குறுக்கே நிற்கமாட்டேன்.

தளவாய்புரத்திலும் ஒரு பெண் தன் வீட்டில் காத்திருக்கிறாள். அவளுக்குச் செய்தி சொல்லாமல் வைத்திருப்பது, எங்களுக்கு நேர்ந்ததைவிடச் சிறிய குற்றமன்று.

ஆகவே காலம் தாழ்த்தாமல் பதில் அனுப்பச் செய்யும்படி கேட்டுக்கொள்கிறேன்.

இங்ஙனம்,
ஜெயபாய்